முதல் பெயருக்குக் கீழே

என் மனைவியின் அக்காள் புருஷன் எனக்குச் சகலை. வயதில் நான் இரண்டு வருஷம் பெரியவன். முறையில் அவன் பெரியவன். நெல்லித்தோப்பில் மாமனார் வீட்டில் பந்தி போட்டால் முதல் இலை அவனுக்கு. அடுத்த இலை எனக்கு. அவன் பெரிய மாப்பிள்ளை. நான் சின்ன மாப்பிள்ளை. இதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. மூத்தவளைக் கட்டினவன் மூத்தவன். ஊர் வழக்கம் அது.

ஆனால் ஸ்னூக்கர் மேசை என்னுடையது. அதிலும் அவன் எனக்கு மேலே போனான். அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்பு வரைதான். மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்தால் மன்றத்துக்குப் போவேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர்கள் ஆரம்பித்த மன்றம் அது. பிறகு யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஆனது. அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்து பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று இருந்தது. அதில் குழி கிடையாது. மூன்று பந்து. நம் பந்து மற்ற இரண்டையும் தொடவேண்டும். தொட்டால் ஒரு புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம். பத்து வருஷம் அதில் ஆடினேன். அந்த மேசையில் நான்தான் முதல். யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராசில் ஒரு கிளப்பை மூடினார்கள். அங்கிருந்த பெரிய இங்கிலீஷ் ஸ்னூக்கர் மேசையை மன்றம் வாங்கியது. அதில் ஆறு குழி. லாரியில் வந்தது. துணிக்கு அடியில் ஐந்து கல் பலகை. தூக்கி வைத்தவர்களுக்கு இரண்டு நாள் இடுப்பு வலி. குழியில்லாத மேசையை வராந்தாவுக்குத் தள்ளினார்கள். அதன்மேல் பேப்பர் போட்டுப் படித்தார்கள்.

புது மேசையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொண்டேன். அதற்காக எனக்குச் சந்தா கிடையாது.

அந்த மேசைத் துணியில் பூனை முதுகு மாதிரி மெல்லிய முடி உண்டு. அது ஒரே பக்கம் படுத்திருக்க வேண்டும். வெள்ளைக் கோடு போட்ட முனையிலிருந்து கறுப்புப் பந்து வைக்கிற முனை வரைக்கும் பிரஷ் போடவேண்டும். திரும்ப இழுக்கக்கூடாது. பிறகு அதே பக்கமாக இஸ்திரி போடவேண்டும். எங்கள் ஊர்க் கடல் காற்றில் துணி ஈரத்தைக் குடித்துவிடும். இரண்டு நாள் விட்டால் பந்து சேற்றில் போகிற மாதிரி போகும். தையல்காரர் வைத்திருக்கிற கனமான இஸ்திரிப் பெட்டி ஒன்று இருந்தது. அடுப்பில் காய்ச்சுவேன். முதலில் பேப்பரில் வைப்பேன். பேப்பர் பழுத்தால் ஆறவிடுவேன். பிறகுதான் துணியில் வைப்பேன்.

ஓங்கி அடித்த பந்துக்கு முடி ஒரு பொருட்டில்லை. மெதுவாகப் போகிற பந்து முடி படுத்த பக்கம் ஒரு நூல் சாயும். நடுக்குழிக்கு மெதுவாக அடிக்கிறவன் அந்த ஒரு நூலைக் கணக்கில் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் பந்து குழி வாயில் முட்டி நிற்கும். இது ஆடுகிற எல்லோருக்கும் கைப்பழக்கத்தில் வரும். ஆனால் எனக்குக் காரணம் தெரியும். தேய்க்கிறவன் நான்.

சகலையை மன்றத்துக்குக் கூட்டிப் போனதும் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு சாரம் பகுதியில் இருந்த என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சமையல் ஆக நேரம் ஆகும் என்று என் மனைவி சொன்னாள்.

"அவரு சும்மா ஒக்காந்துனு இருக்காரு. எங்கனா இட்டுனு போயேன்."

எனக்கும் ஆசை. மன்றத்தில் என்னை மதிப்பார்கள். அதை அவன் பார்க்கட்டும் என்று கூட்டிப் போனேன்.

அவன் மின்சாரத் துறையில் லைன்மேன். கம்பம் ஏறுகிறவன். மேசையைச் சுற்றி வந்தான்.

"இன்னா சகல, ஊட்டுக் கூடம் அளவு டேபிளு. அதுல எலுமிச்சம்பழம் மாதிரி பந்தா?"

"அடிச்சிப் பாரு. கேரம் போர்டு இல்ல இது."

குச்சியை எப்படிப் பிடிப்பது என்று கேட்கக்கூட இல்லை. நான் பிடித்ததைப் பார்த்திருந்தான். குனிந்தான். அடித்தான். சிவப்பு மூலைக் குழியில் விழுந்தது.

"வுழுந்துடுச்சி!" என்றான். அவனுக்கே ஆச்சரியம்.

"மொத தபா அப்படித்தான் வுழும்."

இன்னொன்று அடித்தான். அதுவும் விழுந்தது. மூன்றாவது நின்றுவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

"கை ஆடவே இல்லையே ஒனக்கு," என்றார் பக்கத்தில் நின்ற சொல்தா ஒருவர். எங்கள் ஊரில் அவர்களை முசே என்றுதான் கூப்பிடுவோம்.

"கம்பத்து மேல காத்துலயே ஆடக்கூடாது முசே. இங்க தரையிலதான நிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவனாகவே வந்தான். சந்தா கட்டிச் சேர்ந்தான். ஆறு மாதத்தில் என்னைத் தோற்கடித்தான். பத்து வருஷம் கற்றதை ஆறு மாதத்தில் தாண்டினான். விளையாட்டாகத் தாண்டினான். அதுதான் தாங்கவில்லை. பந்தை அடித்துவிட்டு அது விழுகிறதா என்று பார்க்கமாட்டான். திரும்பி யாரோடாவது பேசிக்கொண்டிருப்பான். பந்து விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

நான் முகத்தில் எதையும் காட்டுகிறவன் இல்லை. மில் இரைச்சலில் பேச்சு குறைந்துபோனது. ஆனால் உள்ளே எரிந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் எனக்குச் சந்தோஷம். கம்பம் சாயும். அவனைக் கூப்பிடுவார்கள். நான்கு நாள் மன்றத்துக்கு வரமாட்டான். ஊரே இருட்டில் கிடக்கும். என் வீடும் இருட்டுதான். நான் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

"அக்கா ஊட்டுக்காரரு வந்தா மட்டும் நீ ஏன் அரை சோறு துண்ற?"

"பசி இல்ல."

"அவரு போனப்புறம் வந்துடுது."

மன்றத்துச் செயலாளர் ஒரு வாத்தியார். இங்கிலீஷ் பாடம் எடுப்பவர். மன்ற உறுப்பினர் ஒருவரின் மகன் லண்டனில் இருந்தான். அவன் ஸ்னூக்கர் பத்திரிகையை மூன்று நான்காகச் சேர்த்துத் தபாலில் அனுப்புவான். வாத்தியார் படித்துச் சொல்லுவார். உலகத்தில் யார் முதல் இடம், யார் இரண்டாம் இடம் என்று வரிசை போட ஆரம்பித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வரிசை வந்ததிலிருந்து வேல்ஸ் நாட்டுக்காரர் ஒருவர்தான் முதல்.

"இந்த வருஷம் சாம்பியன் அவர் இல்ல," என்றார் வாத்தியார். "புதுசா வந்த ஒரு ஆள் ஜெயிச்சிட்டார். ஆனா மொத எடம் இன்னமும் அவருக்குத்தான்."

"அது எப்படி சார்? ஜெயிச்சவன்தான மொதல்ல?" என்றான் சகலை.

"மூணு வருஷக் கணக்குப்பா. ஜெயிச்சா அஞ்சு புள்ளி. கடைசி ஆட்டத்துல தோத்தா நாலு. அதுக்கு முன்னால தோத்தா மூணு. இப்படி. மூணு வருஷத்தையும் கூட்டிப் பாப்பாங்க. ஒரு தடவ குருட்டாம்போக்குல ஜெயிச்சவன் மொத எடத்துக்கு வரமுடியாது. நின்னு ஆடினவன்தான் வருவான்."

மன்றத்திலும் வருஷா வருஷம் போட்டி வைக்கலாம், இதே முறையில் பலகை எழுதலாம் என்றார். யார் யாருக்குச் சம்மதம் என்று கேட்டார். முதலில் கை தூக்கியவன் நான். நின்று ஆடினவன் நான்தானே என்று நினைத்தேன். அவன் நேற்று வந்தவன். இந்த முறை என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

தச்சரிடம் சொல்லிப் பலகை செய்தார்கள். பத்து வரிசை. ஒவ்வொரு பெயரும் ஒரு மரப் பட்டையில் எழுதியிருக்கும். பட்டையை எடுத்து மேலே கீழே மாற்றிச் சொருகலாம். பலகையைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை ஆனது.

போட்டியின் கடைசி ஆட்டம் காணும் பொங்கல் அன்று காலையில். முடிந்ததும் நானும் அவனும் நேராக மாமனார் வீட்டுக்குப் போவோம். அன்றைக்கு அங்கே கறிச் சோறு.

முதல் வருஷம் கடைசி ஆட்டத்தில் நானும் அவனும். அவன் ஜெயித்தான். அவன் பெயர்ப் பட்டையை முதல் வரிசையில் நான்தான் சொருகினேன். என் பெயரை அதன் கீழே சொருகினேன்.

இரண்டாம் வருஷம் கடைசி ஆட்டத்தில் நானும் அவனும். அவன் ஜெயித்தான். பட்டையை மாற்றவேண்டிய வேலைகூட இல்லை.

அந்த வருஷம் பந்தியில் மாமனார் கேட்டார்.

"இன்னா மாப்ள, அங்கயும் இப்படித்தான் ஒக்காருவீங்களாமே? அவரு மேல, நீங்க கீழ?"

கேலிதான். கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். இலையில் ரசம் ஓடியது. நான் அணை கட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் நான் தப்பு செய்தேன்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் துணி தேய்க்கக் காலையிலேயே போனேன். யாரும் இல்லை. பெட்டி காய்ந்தது. பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். கறுப்பு முனைக்குப் போய் நின்றேன். அங்கிருந்து கோட்டு முனைக்கு இழுத்தேன். முடி எதிர்த்தது. திரும்பத் திரும்ப இழுத்தேன். படுத்துவிட்டது. அதன்மேல் இஸ்திரி போட்டு அழுத்தினேன். துணி தலைகீழ் ஆனது. சன்னல் வெளிச்சத்தில் நிறம் கொஞ்சம் வேறு மாதிரி தெரிந்தது. சன்னலைச் சாத்தி மேசை விளக்கைப் போட்டேன். தெரியவில்லை.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்கவேண்டும். அவன் நடுக்குழிக்கு மெதுவாக விட்ட பந்தெல்லாம் வாயில் முட்டி நின்றது. நான் எதிர்ப்பக்கம் ஒரு நூல் கூட வைத்து அடித்தேன். விழுந்தது. முதல் தடவையாக அவன் யாரோடும் பேசப் போகாமல் பந்தையே பார்த்து நின்றான். இரண்டு ஆட்டமும் நான் ஜெயித்தேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவன் வந்து என் தோளைத் தட்டினான். "நல்லா ஆடின சகல," என்றான்.

வாத்தியார் தாளில் கூட்டினார். இரண்டு தடவை கூட்டினார்.

"அவருக்கு அஞ்சு, அஞ்சு, நாலு. பதினாலு. உனக்கு நாலு, நாலு, அஞ்சு. பதிமூணு."

"அதனால?"

"ஜெயிச்சது நீதான். கோப்பை உனக்குத்தான். ஆனா மொத எடம் அவருக்கு."

கை தூக்கின ஞாபகம் வந்தது. பட்டையை மாற்றாமல் கோப்பையோடு வெளியே வந்தேன். திருடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மாமனார் வீட்டில் மனைவி கோப்பையை வாங்கிப் புடைவைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஜெயிச்சிட்டு வந்தவன் மூஞ்சியா இது? எழவு ஊட்டுலேர்ந்து வந்த மாதிரி கீது."

"நான் ரெண்டாவதுதான்."

"கோப்பை ஒங்கிட்ட. அப்புறம் இன்னா ரெண்டாவது?"

நான் போய் இரண்டாவது இலையில் உட்கார்ந்தேன்.

அன்று மாலையே போய்த் துணியை நேராகத் தேய்த்து வைத்தேன்.

அதே வருஷம், சில மாதம் கழித்து, லண்டன் பத்திரிகை வந்தது. இடையில் ஒரு வருஷம் உலகத்தில் முதல் இடம் ஒரு கனடாக்காரருக்குப் போயிருந்தது. இப்போது மறுபடியும் அந்த வேல்ஸ்காரருக்கே வந்துவிட்டது என்று வாத்தியார் படித்தார். மன்றத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தோம்.

"வயசானவருப்பா. எறங்கிட்டு மறுபடி ஏறியிருக்கார். ஆனா இதுல ஒரு சங்கதி கீது. இந்த வருஷம் சாம்பியன் ஆனவருக்குத்தான் மொத எடம் வந்திருக்கணும். ஏதோ நடத்த சரியில்லன்னு அவருக்குப் புள்ளியக் கொறைச்சிட்டாங்க. அதனால ரெண்டாவது ஆயிட்டாரு."

பிரஷ்ஷில் சிக்கின நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரித்துக்கொண்டே இருந்தேன்.

"கொறைச்சிட்டா ஆச்சா?" என்றான் சகலை. "ஆடினது ஆடினதுதான சார்."

திரும்பும்போது இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அவன்தான் பேசினான்.

"பொங்கல் அன்னைக்குத் துணி தலகீழா இருந்துச்சி இல்ல?"

நான் நின்றுவிட்டேன். அவன் நிற்கவில்லை. நானும் பின்னால் போனேன்.

"எப்ப தெரியும்?"

"ரெண்டாவது ஆட்டத்துல. பச்சைய மெதுவா வுட்டேன் பாரு. அப்போ."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? வாத்தியாரு ஒன்ன மன்றத்த வுட்டு அனுப்புவாரு. மத்தியானம் நீயும் நானும் பக்கத்து பக்கத்து எலையில ஒக்காரணும். கறிய எப்படி துண்றது?" சிரித்தான். "வுடு சகல. ஆட்டந்தான."

மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அவனுக்கு அது வெறும் ஆட்டம். தெரிந்தும் சும்மா இருக்க முடிந்தது அவனால். நான் அந்த இடத்தில் இருந்தால் சும்மா இருந்திருப்பேனா? மாட்டேன். அதிலும் அவன் எனக்கு மேலே. அவன் ஆட்டத்தைப் பார்த்து எரிந்ததைவிட அன்றைக்குத்தான் அதிகம் எரிந்தது.

நான்காம் வருஷம் வந்தது. முதல் வருஷக் கணக்கு கழிந்துவிட்டது. அவனுக்கு ஐந்தும் நான்கும் ஒன்பது. எனக்கு நான்கும் ஐந்தும் ஒன்பது. சமம். கடைசி ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறாரோ அவர் முதல் இடம். இடையில் எந்தக் கணக்கும் கிடையாது.

மார்கழியில் ஒருநாள் பகல் ஷிப்ட் முடிந்து மன்றத்துக்கு வந்தேன். வழக்கம்போல உள்ளங்கையைத் துணிமேல் வைத்து ஓட்டினேன். சொரசொரத்தது. முடி தலைகீழாகப் படுத்திருந்தது. யாரோ எதிராகப் பிரஷ் போட்டிருக்கிறார்கள். யார் என்று யோசிக்கவேண்டியதில்லை. அந்தத் துணி தலைகீழ் ஆகும் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். நான் மில்லில் இருக்கிற நேரம் பார்த்து அவன் வந்து ஆடியிருக்கிறான். தலைகீழ்த் துணியில் பழகியிருக்கிறான்.

நான் மறுபடியும் அதையே செய்வேன் என்று நினைத்திருக்கிறான்.

துணியை நேராக்கி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதத்தில் இன்னும் இரண்டு தடவை சொரசொரத்தது. இரண்டு தடவையும் நேராக்கினேன். அவனும் ஒன்றும் கேட்கவில்லை.

காணும் பொங்கல் அன்று காலை நேராகத் தேய்த்தேன். கோட்டு முனையிலிருந்து கறுப்பு முனைக்கு. ஒழுங்காக. நல்ல புத்தி வந்து தேய்க்கவில்லை. நேராகத் தேய்த்தால் அவன் தோற்பான். அது தெரிந்துதான் தேய்த்தேன்.

அன்று மாமனாரும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். நல்ல வேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சகலை உள்ளே வந்தான்.

"தேச்சாச்சா?"

"தேச்சாச்சு."

மேசை ஓரத்தில் கை வைத்தான். துணியைத் தொடவில்லை. தொட்டுப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் ஆட்டக்காரன் துணியைத் தடவிப் பார்த்தால், தேய்த்தவன்மேல் சந்தேகம் என்று அர்த்தம். மாமனார் எதிரில் அவன் அதைச் செய்யமாட்டான். அதுவும் எனக்குத் தெரியும்.

முதல் ஆட்டம். நடுக்குழிக்கு அவன் விட்ட சிவப்பு வாயில் முட்டியது. அடுத்ததும். அதற்கடுத்தது. தலைகீழ்த் துணியின் சாய்வுக்கு இடம் விட்டு அடித்தான். நான்காவது பந்து நின்றபோது அவனுக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை. வெட்கம். என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டோமே என்ற வெட்கம்.

அந்த ஆட்டத்தை நான் ஜெயித்தேன். இடைவெளியில் குச்சி முனைக்குச் சாக்பீஸ் தேய்க்கிற மாதிரி பக்கத்தில் வந்தான்.

"மன்னிச்சிக்க சகல," என்றான். எனக்கு மட்டும் கேட்டது.

நான் தலையை ஆட்டினேன்.

இரண்டாவது ஆட்டத்தை அவன் ஜெயித்தான். துணியின் போக்கு கைக்கு வந்துவிட்டது. மூன்றாவது ஆட்டம் இழுத்தது. கடைசியில் நீலம், ரோஸ், கறுப்பு மூன்றும்தான் மேசையில். நீலம் அவனுக்கு நேராக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போடுவான். குனிந்தான். அவன் கை ஆடியதை நான் பார்த்தேன். காற்றில் ஆடாத கை. நீலம் நின்றது. நான் நீலத்தையும் ரோஸையும் போட்டேன். அதற்குள் புள்ளி போதுமாகிவிட்டது. கறுப்பு தேவைப்படவில்லை.

வாத்தியார் கூட்டினார். எனக்குப் பதினாலு. அவனுக்குப் பதிமூணு.

பலகைக்குப் பக்கத்தில் நான் போவதற்குள் அவன் போய்விட்டான். தன் பட்டையை உருவினான். என் பட்டையை எடுத்து முதல் வரிசையில் சொருகினான். தன்னுடையதை இரண்டாவதில் சொருகினான். சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தட்டிப் பார்த்தான்.

"பெரிய மாப்ள தோத்துட்டாரே," என்றார் மாமனார். வருத்தமாகச் சொன்னார். நான் ஜெயித்ததை அவர் சொல்லவில்லை. பந்தியில் முதல் இலை அவனுக்குத்தான். எனக்கு ஒரு கறித் துண்டு அதிகம் விழுந்தது.

சித்திரையில் அவனைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். சும்மா மாற்றவில்லை. பதவி உயர்வோடு. இனிமேல் கம்பம் ஏறவேண்டாம். ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும். எனக்கு அந்த வருஷம் மில்லில் வேலை போனது. எங்கள் ஊர் ஓரத்தில் இருக்கிற மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். புயலுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. அவன் இல்லாமலேயே நாள் போனது.

ஐந்தாம் வருஷம் நான் ஜெயித்தேன். ஆறாம் வருஷமும், அதற்குப் பிறகும். எதிரில் ஆடியவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பலகையில் முதல் பெயர் என்னுடையது. வாத்தியார் பத்திரிகை படிப்பார். உலகத்தில் முதல் இடம் இப்போது இங்கிலாந்து ஆள் ஒருவருக்கு வந்திருந்தது. வந்தவர் இறங்கவே இல்லை. வருஷா வருஷம் அவர் பெயர்தான். அவருக்குக் கீழே இருந்தவர்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் அலுத்திருக்குமா என்று நினைப்பேன். வாத்தியாரிடம் கேட்டதில்லை.

சகலை ஆடவில்லை. கணக்குப்படி அவன் பெயர் வருஷத்துக்கு வருஷம் இறங்கவேண்டும். மூன்றாவது வருஷம் பலகையை விட்டே போகவேண்டும். நான் அவன் பட்டையைத் தொடவில்லை. இரண்டாவது வரிசையில் அப்படியே விட்டேன்.

தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் இரண்டு தடவை கடைசி ஆட்டத்தில் என்னிடம் தோற்றவர். அவருக்குக் கோபம்.

"ரெண்டாவது எடம் எனக்கு வரணும். காரைக்கால்ல இருக்கிற ஆளு பேர ஏன் வெச்சினு இருக்க?"

"ரெண்டாவது எதுக்கு? என்ன ஜெயிச்சிட்டு மொத எடத்துக்கே வாயேன்."

வாத்தியாரும் கேட்டார். "கணக்குப்படி அவரு இப்போ கெடையாதேப்பா."

"இருக்கட்டும் சார்."

"ரொம்பப் பாசம் உனக்கு."

பாசம் இல்லை. தபால் ஆபீஸ்காரரின் பெயர் கீழே இருந்தால் நான் தபால் ஆபீஸ்காரரை ஜெயித்தவன். அவ்வளவுதான். அவன் பெயர் கீழே இருக்கிற வரைக்கும்தான் என் பெயர் மேலே இருக்கிற மாதிரி.

எண்பதுகளின் கடைசிப் பக்கம் ஒரு காணும் பொங்கல். அவன் குடும்பத்தோடு வந்திருந்தான். சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது. மன்றத்துக்கு வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. அந்த வருஷப் போட்டி முந்தின வாரமே முடிந்துவிட்டது. நான் மட்டும்தான் இருந்தேன். காலையில் வந்து துணியைத் தேய்த்து முடித்திருந்தேன். பெட்டி இன்னும் ஆறவில்லை. சன்னல் ஓரத்தில் இருந்தது.

அவன் பலகையைப் பார்த்தான்.

"நான் ஆடி எவ்ளோ வருஷம் ஆச்சி. எம் பேரு இன்னமும் ரெண்டாவதுல கீது?"

"எடுக்க மறந்துட்டேன்."

சிரித்தான். சுவரில் சாய்த்திருந்த குச்சி ஒன்றை எடுத்தான். முனையைப் பார்த்தான். கையில் எடை பார்த்தான். அவன் பிடித்த விதத்தைப் பார்த்தேன். விரல்கள் மறக்கவில்லை.

"ஒரு ஆட்டம் ஆடலாமா சகல? சோறு ஆவறதுக்குள்ள."

அவனைத் தவிர வேறு யாரும் என்னை ஜெயிக்கமுடியாது. அவன் ஜெயிப்பான். யாரும் பார்க்காத ஆட்டம். பலகையில் ஏறாத ஆட்டம். ஆனாலும் ஜெயிப்பான்.

"துணி ஈரமா கீது," என்றேன். "தேய்க்கல இன்னும்."

அவன் சன்னல் ஓரத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தான். பிறகு மேசைக்கு வந்தான். அன்றைக்கு மாமனார் எதிரில் வைக்காத கையை இப்போது வைத்தான். உள்ளங்கையை விரித்துத் துணிமேல் வைத்தான். கோட்டு முனையிலிருந்து கறுப்பு முனை வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டே நடந்தான். துணி காய்ந்து கிடந்தது. சூடுகூடப் போயிருக்காது.

"ஆமா," என்றான். "ஈரமாத்தான் கீது."

குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

சைக்கிளில் நெல்லித்தோப்புக்குப் போனோம். அவன் பின்னால் உட்கார்ந்து வந்தான். இலை போட்டிருந்தார்கள். அவன் முதல் இலையில் உட்கார்ந்தான். நான் இரண்டாவதில் உட்கார்ந்தேன்.